பியூஸ்புடுங்கியும் அப்பாவின் இடது காதும்

என் தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், அம்மா கொஞ்சமும் தயங்காமல் சொல்வாள்: "நல்லா பறந்துக்கிட்டு இருக்கிறதை விழ வைக்கிறா. அதுக்கு இத்தனை வருஷம் படிச்சா." கேட்டவர்கள் சிரிப்பார்கள். அம்மா சிரிக்க மாட்டாள்.

அம்மா சொல்வது முழுப் பொய்யும் இல்லை. ட்ரோனுக்குள் சின்னச் சின்ன சென்சார்கள் இருக்கின்றன. எந்தப் பக்கம் சாய்கிறோம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எந்தத் திசையில் போகிறோம் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். பறக்கும்போது அதில் ஒன்று செத்துப்போனாலோ உளற ஆரம்பித்தாலோ, மீதி இருப்பதை வைத்துக்கொண்டு ட்ரோன் விழாமல் சமாளிக்க வேண்டும். அந்தச் சமாளிக்கும் புத்தியை எழுதிக் கொடுப்பது என் தங்கையும் அவள் கூட்டாளிகளும். எழுதியது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, பறந்துகொண்டிருக்கும்போதே சென்சார்களின் உயிரை எடுப்பது என் தங்கை மட்டும். கையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் வரிசையாக ஸ்விட்சுகள். எதை எப்போது தட்டுவாள் என்று யாருக்கும் சொல்ல மாட்டாள். சொல்லிவிட்டுத் தட்டினால் அது சோதனை இல்லையாம், நாடகமாம். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பியூஸ்புடுங்கி.

சிலர் செருப்பை வாசலில் விடுவதுபோல வேலையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வருவார்கள். இவள் அந்த ரகம் இல்லை. ஒருநாள் கடிகாரத்து பேட்டரியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோமா என்று பார்த்தாள். வாசல் மணியின் ஒயரைக் கழற்றிவிட்டு, வந்தவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று ஜன்னலுக்குப் பின்னால் நின்று கவனித்தாள். நான் வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு பெரிய மனிதரின் சட்டைக்குத் துணி வெட்டும் நேரம் பார்த்து என் அளவு நாடாவை எடுத்துவிட்டாள். தேடிச் சலித்து, கண்ணளவிலேயே வெட்டித் தைத்துக் கொடுத்தேன். "நல்லாத்தானே சமாளிச்சே அக்கா" என்றாள். அந்தச் சட்டையை இப்போது அவருடைய மகன் போட்டுக்கொண்டு திரிகிறான். அவனுக்கும் கொஞ்சம் இறுக்கம்தான்.

இப்படிப்பட்டவள் கையில் அப்பா சிக்கியதுதான் கதை.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒரு கையில் டிக்கெட், இன்னொரு கை பையில். பஸ் எந்த வளைவில் எப்படித் திரும்பினாலும் அவர் எதையும் பிடித்து யாரும் பார்த்ததில்லை. இடுப்பை ஒரு சீட்டின் ஓரத்தில் லேசாகச் சாய்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். நாள் முழுக்க மற்றவர்களைப் பார்த்து "கம்பியைப் பிடிச்சு நில்லுங்க, கம்பியைப் பிடிச்சு நில்லுங்க" என்று கத்திக்கொண்டே இருப்பார். தூக்கத்திலும் அதையே சொல்வார் என்பது அம்மாவின் புகார். அப்பாவுக்குத் தற்பெருமை கிடையாது, இந்த ஒரு விஷயத்தைத் தவிர. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்கு யார் வந்தாலும் பேச்சு எப்படியாவது சுற்றிவந்து, அவர் எதையும் பிடிக்காமல் நின்ற இடத்தில் முடியும்.

ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டார். அறை சுற்றுகிறது என்றார். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இடது காதுக்குள், உடம்பு எப்படிச் சாய்கிறது என்று சொல்கிற இடத்தில், ஏதோ கிருமி புகுந்து கெடுத்துவிட்டுப் போயிருந்தது.

"வலது காது நேரா நிக்கிறேங்குது, இடது காது விழறேங்குது. மூளை யாரை நம்புறதுன்னு தெரியாம முழிக்குது" என்றார் டாக்டர். "நடக்க நடக்க, பொய் சொல்றது யாருன்னு மூளையே கண்டுபிடிச்சு அந்தக் காதை ஒதுக்கிடும். பயந்துக்கிட்டு உக்காந்துட்டா, அப்புறம் உக்காந்தேதான் இருக்கணும்."

நாங்கள் இடிந்துபோய் நின்றோம். என் தங்கையின் முகம் மட்டும் பளிச்சென்று மாறியது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது எங்க கேஸ்" என்றாள். அங்கேயே அவளை ஒரு அறை விட்டிருக்கலாம். ஆஸ்பத்திரி என்பதால் விட்டுவிட்டேன்.

அப்பா உட்காரத்தான் செய்தார். ஹாலில் ஒரு நாற்காலி, அதன் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்த அவர் கைகள். குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் சுவரைத் தடவிக்கொண்டே போவார். வெள்ளைச் சுவரில் அவர் உள்ளங்கை அச்சு வரிசையாக விழுந்திருந்தது. அம்மா ஈரத்துணியால் துடைப்பாள், மறுநாள் மறுபடியும் இருக்கும். எதையும் பிடிக்காத மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு போகும்போது நான் தையல் மெஷினை விட்டுத் தலையைத் தூக்க மாட்டேன். ஒருநாள் அம்மா அடுப்படியில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அந்த சக்கர நாற்காலி எங்க கிடைக்கும்?" அது ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் அப்பா அதைவிட்டு இறங்க மாட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தங்கை அதற்குள் வேலையை ஆரம்பித்திருந்தாள். ஒரு ராத்திரி அப்பா குளியலறைக்குப் பாதி தூரம் போயிருப்பார், திடீரென்று விளக்கு அணைந்தது. தொப்பென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து, அப்பா இத்தனை வருஷம் எங்கள் காதில் விழாமல் பத்திரமாக வைத்திருந்த பஸ் ஸ்டாண்டு வார்த்தைகள் சில. ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், இவள் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

"கண்ணு இல்லாம எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கிறீங்கன்னு பாத்தேன்பா."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றார் அப்பா.

"சொல்லிட்டு அணைச்சா அது சோதனை இல்லப்பா, நாடகம்."

"அப்பா என்ன ட்ரோனாடி?" என்று நான் பிடித்துக்கொண்டேன்.

"ட்ரோனுக்கு இவ்வளவு கோபம் வராது" என்றாள்.

சண்டை போட்டு வாயடைக்க முடியாதவர்களிடம் ஒரு கெட்ட வழக்கம் உண்டு, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். மறுநாள் என்னைத் தன் வேலையிடத்துக்கு இழுத்துப் போனாள். ஓடு செய்யும் ஆலை ஒன்றின் பின்புறம், தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. நாலு பக்கமும் வலை. கூரை இரும்பிலிருந்து ஒரு கயிறு தொங்க, அதன் முனையில் பழக்கூடை அளவில் ஒரு ட்ரோன். அதை ஓட்டுகிறவர் ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டையான ஆள். அவர் அதைக் கிளப்பி அந்தரத்தில் நிறுத்தினார். தங்கை முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு ஸ்விட்சைத் தட்டினாள். ட்ரோன் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து, ஒரு பக்கம் சாய்ந்து, சுதாரித்துக்கொண்டு நின்றது. இன்னொன்றைத் தட்டினாள். இந்தத் தடவை அது தலைகீழாகப் புரண்டு என்னை நோக்கி வந்தது. கயிறு வெடுக்கென்று இழுத்து நிறுத்தியபோது நான் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் இருந்தேன்.

"கயிறு இருக்கில்ல, எதுக்கு ஓடுறீங்க?" என்றார் ஒட்டடைக்குச்சி.

தங்கை கயிற்றைக் காட்டினாள். "இது எப்பவும் தளர்ந்து இருக்கணும் அக்கா. தளர்ந்திருந்தா ட்ரோன் தானா பறக்குதுன்னு அர்த்தம். இறுகிடுச்சுன்னா பறக்குறது கயிறு." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "செத்த சென்சார் ஒரு பிரச்சினையே இல்ல. வாயே திறக்காதவன் பேச்சை யாரும் நம்பப் போறதில்ல. பொய் சொல்றது இருக்கு பாரு, அதுதான் ஆளைக் கவுத்துடும்."

எனக்கு அப்பாவின் இடது காது ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்கும் அதுதான் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியிலேயே என் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டாள்.

பள்ளிக்கூடப் பைக்குப் போடும் தடித்த நாடாக்களை வாங்கி, தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு ஒன்று, தொடைக்கு இரண்டு என்று ஒரு கச்சை தைத்தேன். இரண்டு தோளிலும் இடுப்பின் ஓரத்திலும் கயிறு மாட்ட வளையம். அளவெடுக்கும்போது அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "எந்த ஊர் சட்டைக்கும்மா தொடையில அளவெடுப்பாங்க?" என்றார். புது மாதிரி கோட்டு என்று அவர் காதில் பூ சுற்றினேன். ஹாலில் மின்விசிறியைக் கழற்றிவிட்டு, அந்தக் கொக்கியில் கயிற்றைப் போட்டு, அப்பாவை மாட்டினோம். வியர்வையில் எல்லோரும் நனைந்தோம். கடிதம் கொண்டுவந்த தபால்காரர் ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்துவிட்டு, "டிக்கெட் உண்டா, இலவசமா?" என்று கேட்டார்.

அப்பா நடந்தார். நாற்காலியிலிருந்து கதவு வரை, கதவிலிருந்து நாற்காலி வரை. "நல்லாத்தானே நடக்குறேன்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டார். ஆனால் மேலே பார்த்தால் கயிறு விறைப்பாக நின்றது. மொத்த உடம்பையும் அதில் போட்டுவிட்டு, காயப்போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டே போய்வந்துகொண்டிருந்தார். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார். நாளுக்கு நாள் இதே கதை. தங்கை கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

அங்கே கொட்டகையிலும் அவளுக்கு அதே நிலைமைதான். சாய்வைச் சொல்லும் சென்சாரைப் பொய் சொல்ல வைத்து, அதைச் சமாளிக்க எழுதிய புத்தி கொட்டகைக்குள் பிரமாதமாக வேலை செய்ததாம். ட்ரோன் ஆடாமல் அசையாமல் நின்றதாம். வெளியே மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரே ஒரு காற்று. அடுத்த நொடி ட்ரோன் வேலிக்குள் கிடந்தது. அன்று சாயங்காலம் தலைமுடியில் இலையும் முழங்கையில் முள் கீறலுமாக வந்து, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உன்னோடதும் விழுந்துடுச்சாம்மா?" என்றார் அப்பா.

"ஆமாம்பா."

அப்பா ஒரு கையை நாற்காலியிலிருந்து எடுத்து, அவள் முடியிலிருந்த இலையை எடுத்துப் போட்டார். உடனே அந்தக் கை பழையபடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

சில வாரம் கழித்து, ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. ட்ரோன் வெளிக்காற்றில் நின்றுவிட்டதாம். எப்படி என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னாள். "சும்மா ஒரே இடத்துல நின்னா, பொய் சொல்ற சென்சாரும் உண்மை சொல்றதும் ஒண்ணாத்தான் தெரியும். கொட்டகைக்குள்ள நாங்க அதை ஆட்டவே இல்ல. ஆட்டினாத்தான் யாரு சொல்றது மத்தவங்க சொல்றதோட ஒத்துப்போகலன்னு தெரியும். அதனால இப்ப சந்தேகம் வந்தா ட்ரோனே தன்னைக் கொஞ்சம் ஆட்டிப் பாத்துக்குது, யாரு பொய்யன்னு கண்டு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். வாயில் சோறு இருந்தது, மெல்லவில்லை. அப்பாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும், அளவு நாடா காணாமல் போவதற்கு முந்தின பார்வை.

"அக்கா, நம்ம வீட்டுத் தரை ரொம்ப அசையாம இருக்கு."

"இடிச்சிடலாமா?" என்றேன்.

"அப்பாவை பஸ்ல ஏத்தணும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். உனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது, அந்த மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார், அவரைக் கொண்டுபோய் பஸ்ஸில் தள்ளுகிறேன் என்கிறாயே, நீ நான் பெற்ற பிள்ளையா இல்லை பகையாளியா என்று ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள். நானும் அம்மா பக்கம்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தபோது, நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"எந்த பஸ்?"

அப்பா தானாக ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"கூட்டமில்லாத பஸ்ஸா பாத்துப் போலாம்பா" என்றாள் தங்கை.

"கூட்டமில்லாத பஸ்ல என்ன இருக்கு" என்றார் அப்பா.

தங்கை திட்டம் போட்டாள். சட்டைக்கு உள்ளே கச்சை. இடுப்போரத்து வளையத்தில் கொக்கியை மாட்டி, கயிற்றை வெளியே எடுக்க நான் சட்டையின் பக்கவாட்டில் ஒரு கிழிசல் வைத்துத் தைக்க வேண்டும். அப்பா நிற்பார். பின்சீட்டில் நான் உட்கார்ந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன். அவள் அப்பாவுக்கு எதிரே, அவரைப் பார்த்தபடி, முன்னால் விழுந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் விரித்துத் தயாராக நிற்பாள். ஒரு தலையணையும் எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அந்தத் திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்ததை நானும் கவனிக்கவில்லை.

வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை அப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் கொண்டுபோனோம். பஸ்ஸில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. வெட்கம். அந்த பஸ்ஸின் கண்டக்டர் ஒரு இளம்பெண். "பெரியவரே, அதான் சீட் இருக்கே, உக்காருங்க" என்றாள். அப்பா தலையை ஆட்டி மறுத்தார். பஸ் கிளம்பியது. கயிறு விண்ணென்று இறுகி என் உள்ளங்கையை அறுத்தது. என் பக்கத்து சீட்டு அம்மாள் கயிற்றைப் பார்த்தாள், அது அப்பாவின் சட்டைக்குள் போவதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"விட்டா ஓடிடுவாரா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல.

ஒரு வளைவு. ஒரு பள்ளம். அப்பா இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் போனார். தங்கை அவர் கூடவே கையை விரித்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனாள். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள், கூட்டத்தில் கொஞ்ச நேரம் எனக்கு அப்பாவின் தலை மட்டும்தான் தெரிந்தது. கூட்டம் குறைந்தபோது என் கையில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. இழுப்பு இல்லை. கயிறு தொளதொளவென்று வளைந்து கிடந்தது.

தங்கையும் பார்த்துவிட்டாள். "அக்கா, தளர்ந்திருக்கு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பக்கத்து சீட்டு அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

அப்போதுதான் ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்தான்.

டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் பஸ் மொத்தமும் முன்னால் பாய்ந்தது. என் நெற்றி முன்சீட்டில் இடித்தது. பைகள், டிபன் பாக்ஸ்கள், எங்கள் தலையணை எல்லாம் டிரைவரைப் பார்க்கப் போயின. கண்டக்டர் பெண் ஒரு கிழவர் மடியில் இருந்தாள். நிமிர்ந்து அப்பாவைத் தேடினேன்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். கால்களை அகட்டி, இடுப்பை ஒரு சீட்டின் ஓரத்தில் சாய்த்து. ஒரு கை எதையும் பிடிக்கவில்லை. இன்னொரு கை என் தங்கையின் சட்டையை நெஞ்சுப் பக்கம் கொத்தாகப் பிடித்திருந்தது. அப்பாவைத் தாங்குவதற்காக எதையுமே பிடிக்காமல் நின்றவள், மல்லாக்கப் போக இருந்த நிலையில், அந்தப் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா அவளை நேராகத் தூக்கி நிறுத்தினார்.

"கம்பியைப் பிடிச்சு நில்லும்மா" என்றார்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் பழக்கத்தில் என் கையிலிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. குனிந்து பார்த்தால் அதன் கொக்கி எனக்கு முன்சீட்டின் கால் கம்பியில் மாட்டியிருந்தது. இவ்வளவு நேரமும் நான் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு சீட்டை.

"எப்பப்பா கழட்டினீங்க?" என்றேன்.

"அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஏறும்போதே. எல்லாம் என் இடுப்பையே பாக்குதுங்க, அசிங்கமா இருந்துச்சு."

தங்கைக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"சொல்லிட்டுக் கழட்டினா அது சோதனை இல்ல, நாடகம்னு சொன்னது யாரு?" என்றார் அப்பா.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். இறங்கியதும் அப்பா ஒரு ஆட்டம் ஆடி என் தோளைப் பிடித்துக்கொண்டார். ரோடு அசையாமல் கிடந்ததுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது. தங்கை பதறிப்போய், "இப்ப காது என்னப்பா சொல்லுது?" என்று கேட்டாள்.

"விழறே, விழறேன்னுதான் சொல்லுது. அது சொல்லிட்டுப் போகட்டும்."

என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்து நிறுத்தத்துக்கு மெதுவாக, கொஞ்சம் கோணலாக நடக்க ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம். கயிற்றை நான் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்த பஸ்ஸிலும் அப்பா உட்காரவில்லை. என் தங்கை இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.